கோரஸ் மட்டும் கேட்டவங்க

இன்னைக்கு ஒரே ஒரு பாட்டைப் பத்திதான் பேசப்போறோம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' 1984-ல வந்தது. ராக் பக்கமே போகாதவங்களுக்கும் அந்த கோரஸ் எங்கயாவது காதுல விழுந்திருக்கும். அமெரிக்காவில் கொடியை ஆட்டிக்கிட்டே, கையை மேல தூக்கிக் கத்துற பாட்டு.

இப்போ அந்த கோரஸுக்கு நடுவுல ஓடுற கதையைப் பாருங்க. உயிரே இல்லாத ஒரு சின்ன ஊர்ப் பையன் ஏதோ சிக்கல்ல மாட்டுறான். வியட்நாம் போருக்கு அனுப்பிடுறாங்க. திரும்பி வந்தா ஆலையில வேலை இல்ல. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆபீஸ்லயும் கையை விரிச்சிடுறாங்க. கே சான்ல சண்டை போட்ட சகோதரன் உயிரோட இல்ல. பத்து வருஷம் ஆகியும் இவனுக்குப் போக்கிடம் இல்ல. அவ்வளவுதான் கதை. இதுல கொண்டாட என்ன இருக்கு?

ஸ்பிரிங்ஸ்டீன் இதைச் சும்மா கற்பனையில எழுதல. அவர் சின்ன வயசுல வாசிச்ச பேண்டோட டிரம்மர் வியட்நாம்ல இறந்துபோனவர். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். உயிரோட திரும்பினவங்களை ஊர் கண்டுக்கவே இல்ல. 1981 ஆகஸ்டில், அந்த முன்னாள் வீரர்களோட அமைப்புக்காக லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார். இந்தப் பாட்டு அந்தச் சமயத்துல உருவானதுதான்.

சரி, 1984-க்கு வருவோம். தேர்தல் வருஷம். ஜார்ஜ் வில்னு ஒரு வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குப் போறார். சத்தம் தாங்காம காதுல பஞ்சு வேற. (நான் சேர்த்த மசாலா இல்லைங்க, அவரே எழுதினதுதான்.) செப்டம்பர்ல வந்த அவர் பத்தியில, பிரச்சினைகளைச் சொன்னாலும் கடைசியில இது உற்சாகமான தேசப் பெருமைங்கிற மாதிரி எழுதிட்டார். சில நாள்லயே, செப்டம்பர் 19 அன்று, அதிபர் ரீகன் ஸ்பிரிங்ஸ்டீனின் சொந்த மாநிலமான நியூ ஜெர்சியில் ஹாமண்டன் என்ற ஊரில் பேசினார். ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருக்குன்னு பாராட்டினார். எந்தப் பாட்டுன்னு சொல்லல. ரீகன் இந்தப் பாட்டையே பிரசாரத்துக்குப் போட்டார்னு நிறைய பேர் சொல்றது தப்பு. பேரை மட்டும்தான் எடுத்தார்.

இரண்டு நாள் கழிச்சு பிட்ஸ்பர்க் மேடையில ஸ்பிரிங்ஸ்டீன் பதில் சொன்னார். அதிபருக்குப் பிடிச்ச என் ஆல்பம் எதுவா இருக்கும், 'நெப்ராஸ்கா'வா இருக்காதுன்னு நினைக்கிறேன்ங்கிற மாதிரி ஒரு கிண்டல். உடனே அந்த ஆல்பத்துலருந்து 'ஜானி 99' பாடினார். கார் ஆலை மூடி வேலை போன ஒருத்தன் கொலைகாரனாகுற பாட்டு அது.

எனக்கு இதுல சுவாரஸ்யமான விஷயம் வேற. நாம ஆங்கிலப் பாட்டுல சரணத்தை முணுமுணுத்துட்டு கோரஸ் வந்ததும் கத்துறோம்னா அது புரியுது, நமக்கு அது இன்னொரு மொழி. தாய்மொழியே ஆங்கிலமா இருக்கிறவங்களும் அதையேதான் பண்ணாங்க. ஏன்?

பதில் சத்தத்துல இருக்கு. முழுப் பாட்டுக்கும் இரண்டே கார்டுதான். ராய் பிட்டன் வாசிக்கிற அந்த சின்தசைசர் துணுக்கு, சரணத்துலயும் விடாம ஓடுது, கோரஸ்லயும் விடாம ஓடுது. மேக்ஸ் வைன்பர்க்கோட ஸ்நேர் டிரம் ஒவ்வொரு அடியும் பீரங்கி மாதிரி. இப்போ கதை சோகமாகுது, இப்போ கோபமாகுதுன்னு இசை எந்த இடத்துலயும் காட்டிக்கொடுக்காது. எங்க வேலையில சொல்லணும்னா, டாஷ்போர்டு முழுக்க பச்சை, எர்ரர் எல்லாம் லாக்ஸ்ல கிடக்கு. யார் திறந்து பார்க்கிறது? ஆல்பம் அட்டையிலயும் தேசியக் கொடியோட பட்டைகள் வேற.

இது என் ஊகம் மட்டும் இல்ல, நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். 1982 ஆரம்பத்துல வீட்டுல நாலு டிராக் கேசட் ரெக்கார்டர்ல, ஒரு கிட்டாரோட தனியா இதே பாட்டை அவர் பதிவு பண்ணியிருக்கார். 1998-ல 'டிராக்ஸ்' தொகுப்புல வெளிவந்தது. கதை அதேதான். ஆனா அதைக் கேட்டுட்டு யாரும் கொடி ஆட்ட முடியாது. அதே கோரஸ் அங்க ஒரு புலம்பல்.

அப்போ தப்பு ஸ்பிரிங்ஸ்டீன் மேலயா? கொஞ்சம் அவர் மேலயும்தான்னு சொல்வேன். ஆனா அந்தப் பெரிய சத்தம் இல்லாம இருந்திருந்தா, லட்சக்கணக்கான பேர் வீட்டுக்குள்ள அந்த வீரனோட கதை நுழைஞ்சிருக்காது. தவிர, கோரஸ் வெறும் நக்கல் இல்ல. 'நானும் இந்த ஊர்க்காரன்தானே, எனக்கு ஏன் இடமில்ல?'ன்னு அவன் உரிமையோட கேட்கிறான். சரணத்தை வெட்டிட்டா அந்தக் கேள்வி காணாமப் போகுது, பெருமை மட்டும் மிஞ்சுது. அந்தப் பெருமையை எந்தக் கட்சியும் எடுத்துக்கலாம். அந்த ஆள்தான் மறுபடியும் வேலை இல்லாம வாசல்ல நிக்கிறான்.

காதுல விழாததும் வேண்டாம்னு ஒதுக்குறதும் ஒண்ணில்லன்னும் சொல்லணும். 2012-ல குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன், 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' ரசிகர். பேண்டோட கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோ கடுப்பாகி, நாங்க எதிர்க்கிற அந்த இயந்திரமே நீதான்னு கட்டுரை எழுதிட்டார். ரயன் சொன்னது, சத்தம் பிடிக்கும், வரிகள் பிடிக்காது. குறைந்தபட்சம் அவர் வரிகளைக் கேட்டிருக்கார்!

1995-ல தனியா சுற்றுப்பயணம் போனப்போ, ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் பாட்டை அகூஸ்டிக் கிட்டார்ல, ஸ்லைடு வெச்சு, டிரம்ஸும் சின்தும் இல்லாம வாசிச்சார். கேட்கணும்னா முதல்ல 1982 பதிவைக் கேளுங்க, அப்புறம் 1984. வரிசையை மாத்திடாதீங்க. எந்த இடத்துல உங்களுக்குக் கை தூக்கத் தோணுச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.