கதை எழுத விழையும் இளையோருக்கு

"கல்லூரி வாயிலை மிதியாத நாம் கதை எழுத இயலுமா?" என்று தயங்கும் இளையோர் சிவகாசி, சாத்தூர்ப் பகுதிக் குடும்பங்களில் பலர் உளர். மேலாண்மை பொன்னுச்சாமியின் வாழ்க்கையே அவர்களுக்கு விடை.

1951-இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் பிறந்த அவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடை நடத்திப் பிழைத்துக்கொண்டே இடைவிடாது வாசித்தார். தாம் அறிந்த கரிசல் மண்ணின் எளிய மாந்தரையே கதைகளில் வடித்தார். 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுதிக்கு 2008-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017-இல் அவர் மறைந்தார்; கதைகள் வாழ்கின்றன.

பட்டாசுச் சரம் பின்னும் தாயின் விரல்கள், மழையால் வேலையிழந்த நாளின் அடுப்படி, விபத்துச் செய்தி கேட்டு ஆலை வாயிலுக்கு ஓடும் தந்தை — இவற்றை அருகிருந்து அறிந்தவர்கள் நீங்கள். இறந்தோரின் எண்ணிக்கையைச் செய்தித்தாள் கூறும். அவர்கள் எத்தகைய மனிதர் என்பதைக் கதையே கூறும். நீங்கள் எழுதாவிடில் அதனை யார் எழுதுவார்?

ஆகவே, நாள்தோறும் ஒரு பக்கமேனும் எழுதுங்கள். எழுதியதை உரக்கப் படித்துத் திருத்துங்கள். கதை திரும்பி வந்தால் சோர்வடையாதீர்கள்.

பெற்றோரே, எழுதும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள்.