ஊர்ச் சொத்தும் ஊரார் கேள்வியும்

2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் பழைய வீட்டு வரி ரசீதுகளுக்குத் திடீரென்று மதிப்புக் கூடியது. நேமம் மண்டல அலுவலகத்தில் மக்கள் கட்டிய வரிப் பணத்தில் ஒரு பகுதி மாநகராட்சியின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரவில்லை என்று தணிக்கையில் தெரியவந்தது. ஸ்ரீகாரியம், ஆற்றிப்ரா அலுவலகங்களிலும் இதே கதை. மொத்தம் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். ஊழியர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், கைதுகளும் நடந்தன. எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் மாமன்றக் கூடத்திலேயே இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். தாங்கள் கட்டிய வரி கணக்கில் ஏறியிருக்கிறதா என்ற கவலை நகரத்தையே பிடித்துக்கொண்டது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தைரியமாக இருந்தார்கள்.

ஒரு மாநகராட்சியின் வரவு செலவில் 30 லட்சம் பெரிய தொகை அல்ல. ஆனாலும் அந்தச் செய்தி கேரளத்தை உலுக்கியதற்குக் காரணம் உண்டு. உள்ளாட்சிக் கணக்கை மக்கள் கண்முன் வைப்பதில் இந்தியாவிலேயே முன்னால் நடந்த மாநிலம் அது.

1996 ஆகஸ்ட் 17, மலையாள ஆண்டின் முதல் நாளான சிங்ஙம் ஒன்று. அன்றுதான் ‘ஜனகீயாசூத்ரணம்’ எனப்படும் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று முடிவாயிற்று. எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பதை மாநில பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பில் பெயர் பெயராக அச்சிட்டுக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். அமைச்சரின் தயவில் வரும் பணத்துக்கும், அச்சிட்ட பட்டியலில் உரிமையாக வரும் பணத்துக்கும் இருக்கும் தூரத்தை ஊராட்சித் தலைவராக இருந்தவர்களிடம் கேட்டால் தெரியும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை என்று பல பொதுச் சொத்துகளும் உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன.

பணம் வந்தால் பின்னாலேயே கேள்வியும் வரவேண்டும். எஸ்.பி. சென் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஏற்று 1999-இல் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தையும் நகராட்சிச் சட்டத்தையும் கேரளம் திருத்தியது. உள்ளாட்சி அலுவலகத்தின் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை அப்போதே குடிமக்களுக்குக் கிடைத்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்க ‘ஓம்புட்ஸ்மேன்’ என்ற தனி அமைப்பும் திருவனந்தபுரத்தில் உருவானது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர் அதில் அமர்கிறார். கிராம சபையைத் தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறும் வார்டு உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். இந்த ஒரு விதியைத் தமிழ்நாட்டு வார்டு உறுப்பினர்கள் அனைவரும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குள் போனால் சாலை, வடிகால் வேலை நடக்கும் இடங்களில் அறிவிப்புப் பலகைகள் தென்படும். வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, எடுத்துச் செய்பவர் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். பலகை நம் ஊரிலும் உண்டுதான். கேரளத்தில் ஒரு படி மேலே போனார்கள்: பொறியாளர்களுக்கு மட்டுமே புரியும் எஸ்டிமேட்டைச் சாதாரண மலையாளத்தில் எழுதி ஊர்க்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்றார்கள். எத்தனை லோடு ஜல்லி, எத்தனை மூட்டை சிமென்ட், எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று தெரிந்துவிட்டால் டீக்கடை வாசலில் நிற்பவரும் வேலையைக் கண்காணிக்கலாம்.

ஒப்பந்தக்காரரையே விலக்கிவிட்டு, பயன்பெறும் மக்களின் குழுவிடம் வேலையை ஒப்படைக்கும் முறையும் அப்போது பரவலாக வந்தது. ‘குணபோக்த்ரு சமிதி’ என்று பெயர். நல்லபடியாக நடந்த ஊர்களில் மீதப்பட்ட பணத்தில் சாலையைக் கூடுதலாக நீட்டினார்கள். வேறு பல ஊர்களில் குழுவின் கன்வீனர் பெயரில் பழைய ஒப்பந்தக்காரரே பின்னால் நின்று வேலையை முடித்தார். பினாமி என்ற குற்றச்சாட்டு அந்த முறையை விட்டு விலகவே இல்லை. பெயர்ப்பட்டியலில் மக்கள் இருப்பதும் வேலையில் மக்கள் இருப்பதும் வேறு வேறு என்பதை இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களே பிறகு பேசினார்கள்.

கணினியும் வந்தது. 1999-இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன், திட்டங்களுக்கு ‘சுலேகா’, கணக்குக்கு ‘சாங்க்யா’, வரிக்கு ‘சஞ்சயா’, கூட்டத் தீர்மானங்களுக்கு ‘சகர்மா’, சொத்துப் பதிவேட்டுக்கு ‘சசித்ரா’ என்று வரிசையாக மென்பொருள்களை உருவாக்கியது. 2024 ஜனவரி 1 முதல் நகர உள்ளாட்சிகளில் ‘கே-ஸ்மார்ட்’ நடைமுறைக்கு வந்தது. இவ்வளவும் இருந்தும் நேமத்தில் பணம் காணாமல் போனது எப்படி? கையில் வாங்கிய ரொக்கத்தையும் வங்கிக்குப் போன ரொக்கத்தையும் அன்றன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. கணினித் திரையில் எண்கள் இருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு மனிதர் வேண்டும், அவர் தவறினால் கேட்க இன்னொருவர் வேண்டும்.

பெரிய நகரத்தில் அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் சிக்கல். கேரளச் சட்டப்படி, ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகராட்சியில் வார்டு சபை உண்டு. வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். நெய்யாற்றின்கரை, ஆற்றிங்ஙல் போன்ற ஊர்களில் இருப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அதைவிடப் பெரிய நகரங்களுக்குச் சட்டம் சொல்வது வார்டு கமிட்டி, அதாவது பிரதிநிதிகள் மட்டும் உட்காரும் அவை. பணம் அதிகமாகப் புழங்கும் இடத்தில் மக்களின் நாற்காலி குறைந்துபோகிறது.

2017-இல் திருவனந்தபுரம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றபோது இந்தச் சிக்கல் இன்னும் கூடியது. அந்தத் திட்டத்தின் பணத்தைச் செலவிட்டது மாமன்றம் அல்ல, மாநில அரசும் மாநகராட்சியும் பங்குதாரர்களாக இருந்த ஒரு கம்பெனி. நகரின் முக்கியச் சாலைகள் தோண்டப்பட்டு மாதக்கணக்கில் கிடந்தபோது வீட்டிலிருந்து வெளியே வர வழியில்லாமல் தவித்தவர்கள் கவுன்சிலரைத்தான் தேடிப் போனார்கள். வேலையின் கடிவாளமோ கவுன்சிலர் கையில் இல்லை.

புதிதாகக் கட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஏற்கெனவே இருக்கும் சொத்தைப் பற்றிப் பேச்சு எழுவது அபூர்வம். 2025 டிசம்பரில் தேர்தல் முடிந்து புதிய மாமன்றம் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே திருவனந்தபுரத்தின் சாஸ்தமங்கலம் வார்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்தது. மாநகராட்சிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்த எம்.எல்.ஏ. அலுவலகத்தைக் காலி செய்யும்படி புதிய வார்டு கவுன்சிலர் கேட்டார். ஒப்பந்தக் காலம் இருக்கிறது என்று எம்.எல்.ஏ. மறுத்தார். மாத வாடகை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு என்ற விவரம் வெளியே வந்தது அப்போதுதான். விவாதம் இரு கட்சிகளின் சண்டையாக முடிந்துபோனது வருத்தத்துக்குரியது. மாநகராட்சிக்குச் சொந்தமான கடைகள், கூடங்கள், அறைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார், என்ன வாடகை, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற பட்டியல் கட்டட வாசலிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது.

மக்களைக் கூட்டிவைத்தால் ஊழல் குறைந்துவிடுமா? இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் பொருளியல் அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் இதைச் சோதித்தார். கிராமச் சாலைகள் போடப்பட்ட பிறகு பொறியாளர்கள் அவற்றைத் தோண்டி, உண்மையில் எவ்வளவு பொருள் போட்டிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். கணக்கில் எழுதியதற்கும் தரையில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசமே காணாமல் போன பணம். கூட்டங்களுக்கு அதிகம் பேரை அழைத்த ஊர்களில் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை. கட்டாயம் தணிக்கை வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஊர்களிலோ இழப்பு சுமார் எட்டு சதவீதப் புள்ளிகள் குறைந்தது. தணிக்கையின் முடிவு ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் வேண்டாம் என்பதற்கு இது சான்று ஆகாது. கூடியவர்களின் கையில் அளந்த கணக்கு இருக்கவேண்டும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

அளக்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்தோடு நிற்கவில்லை. அதன் பிரிவு 2(ஜெ), நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. உங்கள் தெருவில் போட்ட தாரில் ஒரு துண்டையும், பாலத்துக்குப் போட்ட கான்கிரீட்டில் ஒரு துண்டையும் சட்டப்படி கேட்கலாம். எஸ்டிமேட்டையும், அளவுகளைக் குறித்து வைக்கும் எம்-புக்கின் நகலையும் கூடவே கேளுங்கள்; பில் எந்த அளவை வைத்துப் போடப்பட்டது என்பது எம்-புக்கில்தான் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். ஒருவராகக் கேட்பதைவிட, ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பேர் சேர்ந்து கேட்பது நல்லது. வந்த பதிலை அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ உரக்கப் படியுங்கள். வீட்டு வரி ரசீதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.