தாய்மீனைக் கொள்ளலும் விடுத்தலும்

தூண்டிலில் அகப்பட்ட பெருமீனைக் கரைசேர்ப்பதா, மீள நீரில் விடுவதா என்னும் வினா பொழுதுபோக்காக மீன்பிடிப்போரிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. கரைசேர்ப்போர் கூறும் நியாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. சிறுமீன் இனி வளர்தற்குரியது; பெருமீனோ பன்முறை முட்டையிட்டுத் தன் கடனை முடித்துவிட்டது; ஆதலின் அதனைக் கொள்வதே முறை என்பர் அவர். இக்கூற்று மீனின் இயல்போடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மீன்களுட் பெரும்பாலானவை முதிர்ந்த பின்னும் வளர்வன. உடல் வளருந்தோறும் முட்டைத்தொகையும் பெருகும். உடல் நிறையின் விகிதப்படியே அது பெருகும் என்று முன்னர்ப் பொதுவாகக் கொள்ளப்பட்டது. 342 மீனினங்களை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அக்கொள்கை பெரும்பாலும் பிழையெனக் காட்டிற்று. அத்திலாந்திக் சமுத்திரத்துக் கொட் மீனை எடுத்துக்கொள்வோம். 2 கிலோகிராம் நிறையுள்ள 28 தாய்மீன்களின் மொத்த நிறை 56 கிலோகிராம். அவை யாவும் சேர்ந்து இடும் முட்டைகளிலும், 30 கிலோகிராம் நிறையுள்ள ஒரு தாய்மீன் இடுவன மிகுதியாம். எனவே, பெருமீன் கடன் முடித்ததன்று. கடனைப் பெரிதும் ஆற்றும் பருவத்தில் நிற்பது.

கொடுவா மீனில் இவ்வுண்மை மேலும் விளங்கும். ஈழத்துக் களப்புகளிலும் வட அவுஸ்திரேலியாவின் ஆறுகளிலும் வாழும் இம்மீன் பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறுவது. ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய யாவும் தாய்மீன்களே. சிறுமீனைப் பிடிக்கலாகாது என்னும் விதி மட்டும் இருப்பின், அது இளைய ஆண்மீன்களைக் காக்குமேயன்றித் தாய்மீன்களைக் காவாது. இதனை உணர்ந்தே அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம், கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்தனவற்றையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டனவற்றையும் நீரில் விடுமாறு விதித்துள்ளது. ஆயின், குஞ்சுகளை விட்டு வளர்க்கும் குறித்த சில நீர்த்தேக்கங்களில் அவ்வளவுக்கு மேற்பட்ட மீன் ஒன்றைக் கொள்ள இடமுண்டு. கொடுவா இனம் பெருக உவர்நீர் வேண்டும். அணையால் அடைபட்ட மீன் கழிமுகத்தை அடைந்து முட்டையிடல் அரிது. விதியின் நோக்கம் மீனின் பருமனன்று, அதன் மகப்பேறே என்பது இவ்விலக்கால் தெளிவாகும்.

எனினும், விடுத்தல் என்பது நீரில் எறிதலன்று. பெருமீனைத் தாடையிற் பற்றிச் செங்குத்தாகத் தூக்கின் அதன் நிறையே அதற்கு ஊறு செய்யும். படம் பிடித்தற்பொருட்டு நெடுநேரம் வெளியில் வைத்திருத்தலும் தீங்காம். நனைந்த கையால் இருபுறமும் தாங்கி, கூடுமாயின் நீருள் வைத்தே தூண்டிலைக் களைதல் வேண்டும். செவுளில் தூண்டில் ஏறிக் குருதி பெருகும் மீன் பிழைத்தல் அரிது. மற்றும், இடைப்பட்ட மீன்களை வரையறையின்றிப் பிடித்துத் தீர்த்தால் நாளைய தாய்மீன்கள் தோன்றா. ஆகவே எண்ணிக்கைக்கும் எல்லை வேண்டும்.

பசித்த காலத்தும் விதைநெல்லைத் தனியே கட்டிவைப்பவன் உழவன். பெருமீனைக் கைக்கொண்டவன் அடையும் பெருமிதம் ஒருநாளைக்குரியது. அதனைப் பழுதின்றி விடுத்தவன் பயனோ பின்வரும் பருவங்களுக்கெல்லாம் உரியது.