‘வரலாம்... வரலாம்... போதும்!’

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைக்குள் லாரி பின்னால் வரும்போது கவனித்திருக்கிறீர்களா? கிளீனர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டியபடி, “வரலாம், வரலாம்... லெப்ட்ல ஒடி... போதும்” என்று குரல் கொடுப்பார். ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் சக்கரத்தைத் திருப்புவார்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாட்டோடு வாழும் பெரியவர்களுக்கு உள்ளே இருந்து இப்படி வழிசொல்ல வேண்டிய கிளீனரின் குரல் மெலிந்திருக்கிறது. விளையாடும் குழந்தை தனக்குத்தானே வாய்விட்டுப் பேசுவதும், அந்தப் பேச்சே மெல்ல உள்ளடங்கிச் சிந்தனையாவதும் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1934-இல் வெளியான நூலில் விளக்கியவை. ஏ.டி.எச்.டி.யில் இந்த உள்ளடங்கல் தாமதப்படுகிறது என்றார் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, 1997-இல். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில் அது கைக்கு வருவதில்லை.

இந்தக் குறைபாடு சிறுவயதிலேயே தொடங்குவது. ஆனால் நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் மணி அடிக்கும், வார்டன் எழுப்புவார், ஸ்டடி அவரில் ஊரே கேட்க வாய்விட்டுப் படிக்கலாம். வெளிக்குரல்கள் தாங்கிப் பிடித்திருந்ததால் பலருக்கு அது வெளியே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தொழிலைக் கையில் எடுத்தபின், லாரியின் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றின் தேதி தாண்டிப்போகிறது. பாதி நிரப்பிய விண்ணப்பம் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கிறது.

அவர்களுக்குள் ஒரு குரலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. “சோம்பேறி, உருப்படமாட்டே” என்ற குரல் ஓயாமல் கேட்கிறது. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பதிந்த குரல். “உனக்கு ஓட்டவே தெரியாது” என்று கத்துகிற கிளீனரை வைத்துக்கொண்டு எந்த வண்டியைப் பின்னால் எடுக்க முடியும்? எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

வழி காட்டும் பேச்சு சின்னதாக இருக்கும். “எஃப்.சி. வேலையை முடிக்கணும்” என்பதில் வழி இல்லை. “டீ குடிச்சதும் மேசைக்குப் போய் இன்சூரன்ஸ் காகிதத்தை எடுக்கிறேன்” என்பதில் நேரம், இடம், முதல் அசைவு மூன்றும் இருக்கின்றன. அதை வாய்விட்டே சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘நான்’ என்பதைவிடத் தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசும்போது பதற்றமான நேரத்திலும் மனம் சற்று விலகி நிதானப்படுகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழு 2014-இல் கண்டது. கொங்குப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் ‘கண்ணு’ இதற்குப் பொருத்தமான சொல் என்பேன். “கண்ணு, அந்தக் காகிதத்தை மட்டும் எடு.”

பேச்சு மருந்துக்கு மாற்றாகாது. பாஸ்டனில், மருந்து எடுத்தும் தொல்லை தீராத 86 பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. திட்டமிடவும் எண்ணங்களைக் கையாளவும் கற்றவர்கள், தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சந்தேகம் இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் எனும் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கிளீனரின் கடைசிச் சொல்லை மறந்துவிடக்கூடாது. காகிதத்தை உறையில் போட்டு ஒட்டியதும், அடுத்த வேலையைத் தொடும் முன், மேசையை இரண்டு தட்டுத் தட்டி உரக்கச் சொல்லுங்கள்: “போதும் கண்ணு, வண்டி நின்னுருச்சு.”