பொதுமண்டபத்தின் சாவி யாரிடம்?

மாலை மயங்கும் வேளை. லயத்தில் முதியவர் ஒருவர் கண்மூடிவிட்டார். தூரத்துத் தோட்டங்களிலிருந்து உறவினர் வந்துசேர நள்ளிரவாகிவிடும். வானமோ இருண்டு வருகின்றது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் வருவோரை எங்கே அமர்த்துவது? “பொதுமண்டபத்தைத் திறந்து கதிரைகளை எடுங்கள்” என்கிறார் பெரியவர் ஒருவர். இளைஞர் இருவர் ஓடுகின்றனர். கதவிலே பூட்டுத் தொங்குகின்றது. சாவி யாரிடம்? தலைவரிடம் என்கின்றனர். தலைவரோ மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போயிருக்கின்றார். வேறு வழியின்றிப் பூட்டு உடைக்கப்படுகின்றது. உள்ளே பாதிக் கதிரைகளுக்குக் கால் இல்லை, மின்குமிழ் எரியவில்லை, கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். மறுநாள், பூட்டை உடைத்தவர் யார் என்று பெரிய விசாரணை நடக்கின்றது. கூரை ஒழுகக் காரணம் யார் என்று விசாரிப்பார் மட்டும் ஒருவருமில்லை.

இஃது எந்தத் தோட்டத்தில் நிகழ்ந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். மலையகத்தில் வாழ்ந்தோர் எவரும் இதனைத் தம் தோட்டத்துக் காட்சியென்றே கருதுவர். பதுளை நகரிலிருந்து நமுனுகுலை மலைச்சாரலை நோக்கி ஏறும் பாதையிலே ஸ்பிரிங்வெளித் தோட்டப் பகுதியைக் காண்கின்றோம். அங்கும், ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் வாழும் மக்களுக்குப் பொதுமண்டபம் என்பது ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இடம் மட்டுமன்று. வீட்டிலே இடமில்லாதவருக்கு வீட்டின் மற்றொரு பகுதியே அது. பிள்ளைகளின் மாலை வகுப்பும், மாதர் சங்கக் கூட்டமும், கலியாண விருந்தும், காமன் கூத்து ஒத்திகையும், ஈற்றில் மரண வீட்டாரின் துயரும் அந்த ஒரே கூரையின் கீழ்தான் இடம் தேட வேண்டியுள்ளன. ஆகவே, அதன் கதவும் கூரையும் எந்நிலையில் உள்ளன என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கவலையாகும்.

பொது இடத்தைப் பேணுவது தமிழருக்குப் புதிய பாடமன்று. மன்றம், பொதியில், அம்பலம், சாவடி என்று எத்தனை பெயர்கள் நம் மொழியில் உள்ளன! பத்துப்பாட்டில் ஒன்றாகிய பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பொதியிலைக் காட்டுகின்றார். அங்கே மகளிர் நீராடி வந்து, அந்தியில் விளக்கேற்றி, நிலத்தை மெழுகி வைப்பர். ஊருக்குப் புதியவர் வந்து தங்குவர். ஆனால் புலவர் இதனை எங்கே சொல்கின்றார் என்பதே கவனிக்கத்தக்கது. திருமாவளவனின் படையெடுப்பால் பகைவர் நாடு பாழ்பட்ட நிலையைக் கூறுமிடத்திலே சொல்கின்றார். விளக்கெரிந்த அந்தப் பொதியிலில் இப்பொழுது யானைகள் வந்து தூண்களில் உரசித் தங்குகின்றனவாம். ஓர் ஊர் அழிந்தது என்பதைக் காட்ட, அதன் பொதுமண்டபம் கைவிடப்பட்டதைக் காட்டினால் போதும் என்று அப்புலவர் கண்டுகொண்டார். நம் மண்டபங்களிலே யானை புகவில்லை, கறையான் புகுந்திருக்கின்றது. வேற்றுமை அவ்வளவே.

ஏன் இந்த நிலை? மக்களின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது நீதியன்று. தோட்டத்து மண்டபத்திற்கு உரிமையாளர் யார் என்ற வினாவுக்கே நெடுங்காலமாகத் தெளிவான விடை இருக்கவில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, மண்டபத்தைக் கட்டிக் கொடுத்ததோ வேறொரு நிதி. கிராமங்களிலே சனசமூக நிலையத்தின் கூரை பழுதானால் பிரதேச சபையிடம் முறையிடலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்களித்தவர், சபையின் சேவையைப் பெற இயலாதவராய் இருந்தனர். 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இந்தக் கதவு திறந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவருடையதும் அல்லாதிருந்த கட்டடத்தை எவரும் பேணாததில் வியப்பென்ன?

ஆயினும் சட்டம் கதவைத் திறந்துவிட்டது என்பதற்காகக் கூரை தானாகச் செப்பமடைந்துவிடாது. கேட்பதற்கு ஒரு சபை வேண்டுமானால், கேட்பதற்கு ஒரு சங்கமும் வேண்டும். முறையாகத் தெரிவு செய்யப்பட்ட குழு, அதன் காரியதரிசி, தனாதிகாரி, கூட்டக் குறிப்புப் புத்தகம், கணக்குப் புத்தகம் ஆகியவை இருந்தால்தான் பிரதேச சபையிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ வைக்கும் வேண்டுகோளுக்கு எடை உண்டாகும். கட்டடம் எவருடைய அனுமதியுடன், எந்த நிதியில், எந்த ஆண்டில் எழுந்தது என்பதற்கான கடிதங்களின் பிரதிகளை ஒரு கோப்பில் இட்டுப் பத்திரப்படுத்துவது குழுவின் முதற் கடமை.

இரண்டாவது கடமை சாவியைப் பற்றியது. சிறிய பொருள்தான், எனினும் தோட்டத்துச் சச்சரவுகளிற் பாதிக்கு அதுவே வேர். ஒரே தோட்டத்திலே பல தொழிற்சங்கங்கள் உள்ளன. சாவி ஒரு சங்கத்தின் தலைவரிடம் இருந்தால், மற்றச் சங்கத்தார் மண்டபத்தின் வாயிலையும் மிதிக்க மாட்டார்கள். நாளடைவில் பொதுமண்டபம் ஒரு கட்சியின் மண்டபமாகிவிடும். இதற்கு எளிய மாற்று உண்டு. இரண்டு சாவிகளை, மண்டபத்திற்கு அருகிலுள்ள இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்கலாம். ஒன்றை மாதர் சங்கத்தைச் சேர்ந்த பெண்ணொருவர் வைத்திருப்பது மிகவும் நன்று. சாவி பெற்றவர் பெயர், நாள், நேரம், காரணம், திரும்பக் கொடுத்த நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதப்பட்ட இடத்திலே சந்தேகத்திற்கு வேலையில்லை. சாவி வைத்திருப்பவர் வெளியூர் செல்ல நேர்ந்தால், அதனை மற்றவரிடம் ஒப்படைத்துச் செல்வதும் விதியாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பொருள்களின் கணக்கு. கதிரை எத்தனை, அண்டா எத்தனை, பாய் எத்தனை, ஒலிபெருக்கி உண்டா என்று பட்டியல் எழுதி, ஒவ்வொன்றிலும் அழியாத மையால் மண்டபத்தின் பெயரைப் பொறித்துவிட்டால், இரவல் போன பொருள் வழிதவறாது வீடு திரும்பும். கலியாணத்திற்குச் சிறு கட்டணம் வாங்கலாம். மரண வீட்டாரிடம் வாங்கலாகாது. வாங்கிய பணத்திற்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, மாதந்தோறும் வரவு செலவை மண்டபச் சுவரிலே ஒட்டிவிட வேண்டும். கணக்கு வெளிச்சத்தில் இருக்கும்வரை சங்கத்தின் நற்பெயரும் வெளிச்சத்தில் இருக்கும்.

இனி, கட்டடத்தைப் பார்ப்போம். ஊவாவின் பருவம் நாட்டின் ஏனைய பகுதிகளினின்றும் வேறுபட்டது. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் வரண்ட காற்றாக வீசுகின்றது. ஆடி ஆவணி மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருவது அந்தக் காற்றே. அதே காற்றுத்தான் கூரைத் தகரங்களையும் தளர்த்துகின்றது. ஆதலின் வரட்சி தொடங்குமுன் தகரத்தின் ஆணிகளையும் கொக்கிகளையும் இறுக்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவ மழை. அதற்கு முன்னரே, புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சிரமதான நாளாகக் குறித்து, கூரைப் பீலியையும் சுற்றியுள்ள கான்களையும் துப்புரவாக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவர் வெடிப்புகளையும் மின்கம்பிகளையும் பார்த்துக்கொள்ளலாம். மின்கம்பியைத் தொடும் வேலை மட்டும் பயிற்சி பெற்றவருக்கே உரியது.

பீலிக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று எண்ணும் மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். 100 சதுர மீற்றர் கூரையில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் 7,500 லீற்றர் நீர் இறங்குகின்றது. உடைந்த பீலியினூடாக இத்தனை நீரும் அத்திவாரத்தின் அடியில் இறங்கினால், கட்டடம் எத்தனை மாரிகளைத் தாங்கும்?

மழையளவைக் கணிப்பதற்கும் பெரிய கருவி தேவையில்லை. அடி தட்டையாயும் பக்கங்கள் நேராயும் உள்ள ஒரு குவளையைக் கூரையும் மரமும் மறைக்காத வெளியிடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதி, பின் நீரை வெளியே ஊற்றிவிடுக. அந்த ஆழமே மழையளவு. அது விளையாட்டுக் கணக்கன்று, உயிர்காக்கும் கணக்கு. மலைப் பகுதிகளில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல், 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால் ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறுதல் என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் பொதுவான அளவுகோல்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், நம் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் மண்ணுள் மூழ்கின. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். மாலையில் திரும்புவதற்கு அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தனர். தப்பியோருக்குப் பாடசாலைக் கட்டடங்களே தஞ்சமாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் வருந்தியது.

இத்தகைய இரவிலே தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் எது? பொதுமண்டபந்தான். ஆகவே குழு கேட்க வேண்டிய தலையாய கேள்வி ஒன்றுண்டு: நம் மண்டபம் நிற்கும் நிலம் பாதுகாப்பானதா? நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம் அல்லது கம்பம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, காரணமின்றி இறுகிப்போகும் கதவும் யன்னலும் ஆகியவை மலை சரிவதற்கு முன் காட்டும் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திற்கும் உடனே அறிவிக்க வேண்டும். நிலம் நல்லதென நிபுணர் கூறினால், அங்கே விளக்கு, குடிநீர், முதலுதவிப் பெட்டி, ஒரு பட்டியலில் முதியோரும் கர்ப்பிணிகளும் வாழும் வீடுகளின் விவரம் ஆகியன எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கட்டும். நிலம் நல்லதன்று எனில், மழையிரவில் அம்மண்டபத்தை நாடவே கூடாது. வேறிடத்தை இன்றே தெரிந்து வைத்தல் வேண்டும். அத்தகைய இரவில் சாவியைத் தேடி ஓடும் அவலம் எவருக்கும் நேரக் கூடாது.

காவலைப் பற்றி ஒரு வார்த்தை. காவற்காரருக்குச் சம்பளம் கொடுக்கத் தோட்டத்துச் சங்கத்திடம் பணம் ஏது? ஆனால் சம்பளம் கேளாத காவல் ஒன்று உண்டு; அது நடமாட்டம். வாரம் ஏழு நாளும் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தின் திண்ணையிலேதான் சூதாட்டமும் குடியும் குடிபுகுகின்றன. திங்கள் மாலை பிள்ளைகளின் வகுப்பு, புதன் மாலை தாய்மாரின் தையல், வெள்ளி மாலை வாசகசாலை என்று விளக்கெரியும் மண்டபத்தை எவரும் துணிந்து சீரழிப்பதில்லை. வாயிலில் ஒரு விளக்கும், வெளிப்புறம் நோக்கித் திறக்கும் கதவும், கூட்டம் நடக்கும்போது எக்கதவும் பூட்டப்படாதிருத்தலும் இருந்தால் திருட்டுக்கும் தீக்கும் ஒருங்கே அஞ்ச வேண்டியதில்லை. மாலை வகுப்பு முடிந்து பெண்பிள்ளைகள் லயத்திற்குத் திரும்பும் பாதையிலும் வெளிச்சம் உண்டா என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்களாக.

பட்டினப்பாலையின் பொதியிலிலே மெழுகவும் விளக்கேற்றவும் அமர்த்தப்பட்டவர்கள் போரிலே சிறைபிடிக்கப்பட்ட பெண்கள். பிறர் ஏவ, பிறர் மண்டபத்தைப் பேணியவர்கள் அவர்கள். நாமோ நம் மண்டபத்தை நாமே பேணும் உரிமையைப் பல தலைமுறை காத்திருந்து பெற்றிருக்கின்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாணவர்கள் ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தம் தோட்டத்து மண்டபத்தை ஒருமுறை சுற்றி வரட்டும். ஒழுகும் தகரம் எது, அடைபட்ட கான் எது, எரியாத விளக்கு எது என்று எழுதட்டும். பின்னர் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: “நம் மண்டபத்தின் சாவி யாரிடம்?”

பதில் உடனே வந்தால் அந்தத் தோட்டம் பாக்கியம் பெற்றது. வராவிட்டால், வேலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.