சின்னத் தழும்பு போதுமா?

நெஞ்செலும்பைப் பிளக்காமல் பைபாஸ் என்றதும் நேற்று வந்த நுட்பம் என்று தோன்றும். அறுபது வருடப் பழசு அது. 1964 பிப்ரவரி 25 அன்று, லெனின்கிராடில் வசிலி கோலெசோவ் என்ற அறுவை மருத்துவர் இடப்பக்க விலா இடைவெளி வழியாக உள்ளே போனார். மார்பின் உட்சுவரில் ஓடும் தமனியைப் பிரித்தெடுத்து, துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் ரத்தக்குழாயில் தைத்தார். இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணைகூட இல்லை!

உலகம் பின்பற்றியது வேறு வழியை. நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்து, காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைக்கும் முறை, 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ரெனே ஃபவலோரோ செய்த அறுவைக்குப் பிறகு எங்கும் பரவியது. இந்தியாவின் முதல் பைபாஸை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தார். விலா வழி மீண்டும் பேசப்பட்டது 1990களில்தான். அர்ஜென்டினாவின் பெனெட்டி, இத்தாலியின் கலாஃபியோரே என்ற அறுவை மருத்துவர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவிகளும் அப்போது வந்து சேர்ந்தன.

இந்த விலா வழி முறையில், இடது மார்புக்குக் கீழே ஏழெட்டு சென்டிமீட்டர் கீறல். இடது நுரையீரலைச் சற்று நேரம் சுருங்க வைத்துவிட்டு வேலை நடக்கும். பழைய முறையில் அறுபட்ட நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பளு தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. சர்க்கரை நோயாளிகளை அச்சுறுத்தும் நெஞ்செலும்புக் கிருமித் தொற்றும் இல்லை. வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலாவை விரிப்பதால் முதல் சில நாட்கள் நன்றாகவே வலிக்கும்.

என்னைக் கேட்டால், தழும்பின் நீளம் இரண்டாம் பட்சம். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியக் குழாயில் மார்புத் தமனியைச் சேர்த்தால், பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திறந்தே இருக்கிறது. கால் சிரைகளில் ஏறத்தாழ பாதி அதற்குள் அடைத்துவிடும். எந்த வழியாகப் போனாலும் இந்தத் தையல் சரியாக விழ வேண்டும். சிறிய துளைக்குள் அதைப் போட நிறையப் பழக்கம் வேண்டும்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. மாரடைப்பு அவசரத்தில் வருபவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள், பல இடங்களில் அடைப்புள்ளவர்கள் பெரும்பாலும் பழைய முறைக்கே போக வேண்டியிருக்கும். சிலருக்கு முன்குழாய்க்குச் சிறு கீறல் பைபாஸ், மற்றவற்றுக்கு ஸ்டென்ட் என்று கலந்து செய்கிறார்கள்.

ஆஞ்சியோ முடிவோடு மருத்துவர் முன் உட்காரும்போது, "டாக்டர், இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடுவில் நெஞ்சைத் திறக்க வேண்டிவந்தது எத்தனை பேருக்கு?" என்று தயங்காமல் கேளுங்கள்.