கத்திரி வெயிலிலும் டிஷ் தடுமாறாதது ஏன்? உள்ளே ஒரு பீங்கான் வில்லை!

மழை அடித்தால் டிடிஎச் படம் நின்றுபோகும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் கண்டாச்சிபுரம் மாதிரி ஊர்களில், கத்திரி வெயிலில் நாள் முழுக்க மொட்டைமாடியில் காயும் டிஷ் ஏன் தடுமாறுவதில்லை?

பதில், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி பெட்டிக்குள் இருக்கிறது. பழைய மாடலைத் திறந்தால், சட்டைப் பட்டனைவிடச் சின்னதாக ஒரு பீங்கான் உருளை தெரியும். ஒரு கம்பிகூட இணைத்திருக்காது. எங்கிருந்தோ கழன்று விழுந்த துண்டு என்றே தோன்றும். அதன் பெயர் டைஎலக்ட்ரிக் ரெசனேட்டர்.

செயற்கைக்கோள் சிக்னல் வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸில். சாதாரண கேபிளில் அது வீட்டுக்குள் இறங்குவதற்குள் தேய்ந்துவிடும். அதனால் எல்என்பி தானே 10.6 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்றை உருவாக்கிக் கழிக்கிறது. 11.8-ல் வந்தது 1.2 ஆகிவிடும். அந்த 10.6 நகர்ந்தால் எல்லாச் சேனலும் இடம் மாறிப்போகும். அதைப் பிடித்து வைப்பதுதான் இந்த வில்லையின் வேலை.

10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 3 செ.மீ. மின்கடத்தா மாறிலி 36 உள்ள பீங்கானுக்குள் அது ஆறில் ஒரு பங்காக, 5 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. விளிம்பை அடையும் அலையில் பெரும்பகுதி உள்ளேயே திரும்பிவிடுகிறது. மின்புலம் வளையல் போல வட்டமாகச் சுற்ற, காந்தப்புலம் நடுவில் மேலேறி வெளியே வளைந்து இறங்கும். வெளியே வரும் அந்தக் காந்தப்புலம்தான் பக்கத்து சர்க்யூட்டோடு ஒட்டாமலே பேசுகிறது.

ஆற்றல் மூன்று வழியில் கசியும். பீங்கானே கொஞ்சம் சூடாக்கி வீணாக்கும், கொஞ்சம் கதிர்வீச்சாக வெளியேறும். அதைத் தடுக்க உலோக மூடி போட்டால், மூடியில் மின்னோட்டம் தூண்டப்பட்டு அங்கே கொஞ்சம் போகும். நல்ல பீங்கானில் ‘க்யூ’ மதிப்பு 10,000 வரை வரும். அதாவது, ஊட்டுவதை நிறுத்தினாலும், உள்ளிருக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைவதற்குள் அலை சுமார் 1,600 முறை அதிர்ந்திருக்கும். மூடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை இறக்கினால் அதிர்வெண் ஏறும். தெரியாமல் அதில் கை வைக்காதீங்க!

இனி வெயில். 1939-லேயே ரிக்ட்மயர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். தடையாக நின்றது வெப்பம்தான். டைட்டானியம் டை ஆக்சைடு ஆற்றலை வீணாக்காது, ஆனால் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 400 பங்கு நகரும். கணக்குப் போட்டால் 10.6 கிகாஹெர்ட்ஸில் டிகிரிக்கு 4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி ஏறினாலே 40 மெகாஹெர்ட்ஸ், படம் காலி. 1970-களில் பேரியம் டைட்டனேட் வகைக் கலவைகள் வந்த பிறகே, சூட்டில் பீங்கான் விரிவதும் அதன் மின்கடத்தா மாறிலி மாறுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டின. நகர்வு பத்து லட்சத்தில் ஓரிரு பங்காக அடங்கியது.

புது எல்என்பிகளில் குவார்ட்ஸும் சிப்பும் இந்த இடத்தைப் பிடித்துவிட்டன. செல்போன் டவர் ஃபில்டர்களில் பீங்கானுக்கு இன்னும் வேலை இருக்கிறது.